மூன்று ஓட்டை போட்ட பென்சில் படம்: அடியை வெட்டிச் சட்டம் போடலாமா?

கேள்வி: கட்டத்துக்குள்

எல்லாருக்கும் வணக்கம். பதினைந்து வருடமாகக் காமிக்ஸ் ஒரிஜினல் பக்கங்கள் சேர்க்கிறேன். மை, வெள்ளைப் பூச்சு, ஒட்டிய பேச்சு பலூன் இதெல்லாம் ஓரளவு தெரியும். போன மாதம் இன்னொரு சேகரிப்பாளரோடு பக்கம் மாற்றிக்கொண்டபோது, "இது என்னிடம் சும்மா கிடக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஓர் உறையைக் கையில் திணித்தார். உள்ளே அனிமேஷன் படங்கள். அந்தப் பக்கம் எனக்கு ஒன்றுமே தெரியாது.

மூன்று தாள்கள். மெல்லிய தாள், 12.5 அங்குல அகலம், 10.5 உயரம். மூன்றிலும் ஒரே பையன், மேசைக்கு மேல் கையை நீட்டுகிறான். அடியில் மூன்று ஓட்டைகள்: நடுவில் வட்டமாக ஒன்று, இரு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொன்று. வலது மூலையில் ஏ-17, ஏ-19, ஏ-21 என்று எண்கள். 17ஐச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறது. 19க்கு அடியில் கோடு. 21 வெறுமனே இருக்கிறது. 17ஆம் தாளின் ஓரத்தில் மட்டும் ஏணி மாதிரி ஒன்று: ஒரு நெட்டுக்கோடு, குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள். மேலே விலகி இருக்கும் கோடுகள் கீழே போகப் போக நெருங்குகின்றன. ஏணியின் உச்சியில் 17, காலில் 25. அப்புறம், மூன்றிலுமே கருப்புப் பென்சிலுக்கு அடியில் நீலத்தில் கிறுக்கல்.

நான்காவதாக, கண்ணாடி போலத் தெளிவான ஒரு பிளாஸ்டிக் ஷீட். அதே பையன், வண்ணத்தில். லேசாக நெளிந்திருக்கிறது. உறையைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறுகிறது. ஷீட்டின் பின்னால் ஒரு வெற்றுத்தாள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

சட்டம் போடுபவரிடம் காட்டினேன். "அடியில் ஓர் அங்குலம் வெட்டினால் ஓட்டையும் போய்விடும், படமும் நடுவில் உட்காரும்" என்கிறார். நீலக் கிறுக்கலை நல்ல அழிரப்பரால் மெதுவாக எடுத்துத் தருகிறாராம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்லவும் தெரியவில்லை. வெட்டலாமா? அந்த ஏணி என்ன? யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: மசிக்கறை

ஃபைலில் கோர்க்கப் போட்ட ஓட்டையாகத்தான் இருக்கும். படம் மேல் பாதியில்தானே இருக்கிறது, நானாக இருந்தால் வெட்டிவிடுவேன். வாடைக்கு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். பிரச்சினை முடிந்தது.

பதில்: நடுப்படம்

கத்தரியை முதலில் கீழே வையுங்கள் தம்பி.

மசிக்கறை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபத்தேழு வருடம் அந்த ஓட்டைகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அவை ஃபைலுக்குப் போட்டவை அல்ல. வரைகிற மேசையில் பெக் பார் என்று ஓர் உலோகப் பட்டை இருக்கும். நடுவில் உருண்டை முளை, இருபுறமும் தட்டை முளை. தாளை அதில் மாட்டித்தான் வரைவோம். எனக்கு ஒரு மேசை, கோட்டைச் சுத்தம் செய்கிறவருக்கு ஒரு மேசை, செல்லில் (உங்களிடம் இருக்கும் கண்ணாடி ஷீட்டுக்கு அதுதான் பெயர்) மை இழுக்கிறவருக்கு ஒன்று, கடைசியில் கேமராவுக்கு அடியில் ஒன்று. எல்லாவற்றிலும் அதே அளவு முளைகள்தான். நான்கு பேர் கைமாறினாலும் படம் மயிரிழைகூட நகராது. துளையை வெட்டி எறிந்தால் 17க்கும் 19க்கும் இடையே உள்ள சம்பந்தம் அறுந்துவிடும். உங்கள் கையில் மிஞ்சுவது ஒரு பையனின் மூன்று தனித்தனிப் படங்கள், அவ்வளவுதான்.

இந்த ஓட்டை வருவதற்கு முன் என்ன பாடுபட்டார்கள் என்பது காமிக்ஸ்காரரான உங்களுக்குப் பிடிக்கும். வின்சர் மெக்கேயை 'லிட்டில் நீமோ' வரைந்தவராகத் தெரிந்திருக்கும். 1905 முதல் செய்தித்தாளில் வந்தது. அதே மனிதர்தான் 1914இல் 'கெர்ட்டி' என்ற டைனோசரை நடக்கவிட்டார். கண்ணாடி ஷீட் பழக்கத்துக்கு வராத காலம். மெல்லிய அரிசித்தாளில் ஆயிரக்கணக்கில் வரைந்தார். ஒவ்வொரு தாளிலும் மலையையும் பாறையையும் மறுபடி மறுபடி நகலெடுக்க ஓர் உதவியாளர். தாள்கள் நேராக உட்கார மூலையில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். அந்த வருடக் கடைசியில்தான் எர்ல் ஹர்ட், ஒளி ஊடுருவும் ஷீட்டில் வரைகிற முறைக்குக் காப்புரிமை கேட்டார். பின்னணி ஒரே ஒரு முறை வரைந்தால் போதும் என்று ஆனது அப்புறம்தான்.

இப்போது உங்கள் ஏணிக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒரு நிமிடம் என் பழைய மேசையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வட்டம் போட்ட எண் 'கீ'. அசைவை முடிவு செய்கிற அனிமேட்டர் வரைந்தது. அடிக்கோடு போட்டது 'பிரேக்டவுன்', இரண்டு கீக்கும் நடுவே எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்கிற படம். வெறும் எண் 'இன்பிட்வீன்', அதாவது என்னைப் போன்ற பொடியன்கள் நிரப்புவது. எல்லா இடத்திலும் இதே குறிகள் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பரவலான வழக்கம் இது. 18, 20 என்ற எண்களே இல்லாமல் 17, 19, 21 என்று தாவுகிறதல்லவா? ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் காட்டியிருக்கிறார்கள். தொழிலில் 'டூஸ்' என்போம். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 12 படம் வரைந்தால் போதும். 17இலிருந்து 25 வரை எட்டு ஃபிரேம், விநாடியில் மூன்றில் ஒரு பங்கு.

ஏணி என்பது கீ அனிமேட்டர் எங்களுக்கு எழுதுகிற கடிதம். கோடுகள் மேலே விலகி, கீழே நெருங்குகின்றன என்கிறீர்கள். அப்படியென்றால் 19ஐ 17க்கும் 25க்கும் சரிபாதியில் வரை, 21ஐ 19க்கும் 25க்கும் பாதியில் வரை, 23ஐ 21க்கும் 25க்கும் பாதியில் வரை என்று உத்தரவு. கை வெடுக்கென்று கிளம்பி, வேகம் தணிந்து, 25இல் வந்து நிற்கிறது. பையன் எதையோ எட்டி எடுக்கப் போகிறான். எடுத்தானா இல்லையா என்பது 25இல் இருக்கிறது, அது உங்களிடம் இல்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒன்று செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் மூன்றையும் துளையோடு துளை பொருத்திப் பிடியுங்கள். கட்டைவிரல் நுனி 17இலிருந்து 19க்கு எவ்வளவு போயிருக்கிறது, 19இலிருந்து 21க்கு எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். முதலாவதில் ஏறக்குறைய பாதி இரண்டாவது வர வேண்டும். வராவிட்டால் இன்பிட்வீனர் அன்று தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கிறான்.

நீலக் கிறுக்கலை அழிக்கும் விஷயத்தில் எனக்கே ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மீசை சரியாக முளைக்காத வயது. சீனியர் இரண்டு கீ தந்தார். ஒரு பெண் கதவைத் தள்ளுகிறாள். கருப்புக் கோடு மேலே, அடியில் நீலம். அழுக்காக இருக்கிறதே, சுத்தம் செய்து தருவோம், சந்தோஷப்படுவார் என்று நீலத்தையெல்லாம் வழித்து அழித்துவிட்டு, நடுப்படத்தை அழகாக வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூன்று தாளையும் இடது கை விரல் இடுக்கில் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு சரக் சரக்கென்று மடக்கி அசைவைப் பார்த்தார். (இது ஒரு தனி வித்தை. சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஐந்து தாள் வரை பிடிக்கலாம். கைக்கு வர ஒரு மாதம் ஆகும், விரல் இடுக்கெல்லாம் தாள் கிழித்த கீறல்.) பார்த்துவிட்டு, "கை நடுவழியில் குட்டையாகிவிட்டதே" என்றார்.

நிஜம்தான். கை தோளிலிருந்து சுழல்கிறது, விரல் நுனி வளைந்துதான் போகும். நான் இரண்டு புள்ளிக்கும் நேர்கோட்டில் பாதியை எடுத்துவிட்டேன். நடுப்படத்தில் அந்தப் பெண்ணின் முழங்கையே ஒரு விரற்கடை சுருங்கிப்போயிருந்தது. வளைவு எங்கே போகிறது என்று அவர் நீலத்தில்தான் போட்டுவைத்திருந்தார். நான் அதைத்தான் அழித்திருந்தேன். திட்டவில்லை. வேறொரு வெற்றுத்தாளை மாட்டி, ஒரே இழுப்பில் அந்த வளைவை மறுபடி போட்டு என் பக்கம் தள்ளினார். படமே இல்லாத, ஒரு நீல வளைவு மட்டும் உள்ள அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில் மேலாக இருக்கிறது. யாராவது பழைய படங்களைக் காட்டச் சொன்னால் முதலில் அதைத்தான் எடுப்பேன். பார்க்கிறவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள்.

யார் வரைந்தது என்ற கேள்விக்குப் பதில் அநேகமாகக் கிடைக்காது. வேலை நடக்கும்போது யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. கையெழுத்து இருந்தால் பிற்பாடு போட்டது. ஒரே தாளில் இரண்டு பேர் கைகூட இருக்கும்: அடியில் உள்ள நீலம் ஒருவருடையது, மேலே கருப்பு இன்னொருவருடையது. 17இன் கோடும் 21இன் கோடும் ஒரே அழுத்தமா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

கண்ணாடி ஷீட்டின் அடி ஓரத்தில் மையில் பொடியாக ஓர் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாடையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட 'தாள்வைத்தியம்' நன்றாகச் சொல்வார்.

பதில்: தாள்வைத்தியம்

கூப்பிட்டதற்கு நன்றி ஐயா. ஆவணக் காப்பு என் தொழில். சுருக்கமாகச் சொல்கிறேன்.

காற்றுப் புகாத உறை மட்டும் வேண்டவே வேண்டாம். செல்கள் பழங்காலத்தில் நைட்ரேட் என்ற பிளாஸ்டிக்கில் வந்தன, அவை தீப்பற்றக்கூடியவை. பிறகு அசிட்டேட்டுக்கு மாறினார்கள். உங்களுடையது அசிட்டேட், வாடையே சாட்சி. அது சிதையும்போது, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்துகிறது. மூடி வைத்தால் அதன் ஆவியிலேயே அது வேகும். அதே உறையில் பென்சில் படங்களையும் வைத்திருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள், அமில ஆவி தாளையும் கெடுக்கும். உங்கள் காமிக்ஸ் பக்கங்கள் இருக்கும் அலமாரியிலும் வேண்டாம். அமிலமற்ற அட்டை உறையில், காற்றோட்டமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில், தட்டையாக வையுங்கள். முழுவதும் குணமாகாது, நோயின் நடை மெதுவாகும்.

ஒட்டிய தாளை இழுக்காதீர்கள். செல்லில் கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். தாள் ஒட்டியிருப்பது வண்ணத்தில்தான், இழுத்தால் பையனின் சட்டை தாளோடு வந்துவிடும். ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது, அந்த வண்ணங்களில் பல தண்ணீர் பட்டால் கரையும்.

சட்டம் போடுவதானால் கண்ணாடி தாளைத் தொடக்கூடாது; நடுவே அமிலமற்ற மவுன்ட் அட்டை வேண்டும். செல்லோடேப் எந்த ரூபத்திலும் ஆகாது. ஜப்பானியத் தாள் கீற்று, ஸ்டார்ச் பசை, மேல் விளிம்பில் இரண்டே இடத்தில் ஒட்டினால் போதும். கருப்புப் பென்சில் கிராஃபைட், வெளிச்சத்தில் மங்காது. வண்ணப் பென்சிலை அப்படி நம்ப முடியாது, அதனால் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள், வெயில் படும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். மவுன்ட்டின் ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொன்னால் துளையும் ஏணியும் வெளியே தெரியும். அடியை வெட்டுவதைவிட அது சுலபமான வேலை என்று அவரிடம் சொல்லுங்கள்.

பதில்: கட்டத்துக்குள்

ஐயா, ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கை கொஞ்சம் நடுங்கியதால் மனைவியை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன். 17இலிருந்து 19க்குக் கட்டைவிரல் நுனி 64 மில்லிமீட்டர். 19இலிருந்து 21க்கு 31. இரண்டு முறை அளந்தேன், அதேதான். நீலக் கோடும் நீங்கள் சொன்ன மாதிரி மணிக்கட்டின் ஊடே வளைந்து போகிறது. நேற்றுவரை அதை அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்லின் அடியில் எண் இருக்கிறது! ஏ-21. இரண்டையும் நடுவே இடைவெளி விட்டு வெளிச்சத்தில் பார்த்தேன் (செல்லைத் தாளோடு அழுத்தவில்லை மேடம்). கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது, சுண்டுவிரல் மட்டும் செல்லில் கொஞ்சம் தடித்துவிட்டது.

நடுப்படம் ஐயா, இன்னொரு கேள்வி. நீங்களும் காமிக்ஸ் பக்கம் சேர்ப்பதாக வேறொரு இழையில் எழுதியிருந்தீர்களே? அதில் எதைப் பார்த்து எடுக்கிறீர்கள்?

பதில்: மசிக்கறை

சரி, தோற்றேன். என்னிடமும் ஒரு ஷீட் ஒட்டிய உறையில் இருக்கிறது. திறக்கப் போகிறேன்.

பதில்: நடுப்படம்

64க்கு 31. அந்தப் பொடியன் நன்றாகவே விழித்திருந்திருக்கிறான். யாராக இருந்தாலும் ஒரு சபாஷ்.

சுண்டுவிரல் தடித்தது மை இழுத்தவரின் கை. பென்சிலில் இருந்த உயிர் செல்லுக்குப் போகும்போது கொஞ்சம் செத்துப்போகிறது என்று அனிமேட்டர்கள் புலம்புவது பழைய வழக்கம். 1961இல் வந்த டால்மேஷியன் நாய்க்குட்டிகள் படத்தில் பென்சில் கோட்டையே ஜெராக்ஸ் முறையில் செல்லில் ஏற்றினார்கள். அந்தச் சொரசொரப்பான கோடு அப்படி வந்ததுதான். 1990 வாக்கில் கணினியில் வண்ணம் தீட்ட ஆரம்பித்ததும் செல்லின் கதை முடியத் தொடங்கியது. உங்கள் ஏ-21 தப்பிப் பிழைத்ததே பெரிது. செல் விலை அதிகம் என்பதால் படம்பிடித்த பிறகு கழுவித் துடைத்து மறுபடி உபயோகித்த காலம் உண்டு.

காமிக்ஸில் எதைப் பார்ப்பேன் என்றால், இதே மாதிரி சங்கதிகளைத்தான். வெளிர்நீலப் பென்சிலில் முதல் வரைவு போடுவார்களே, அச்சுக்கு எடுக்கிற ஃபிலிமுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான் என்பதால் அதை அழிக்க வேண்டியதில்லை. அதனால் பக்கத்திலேயே தங்கிவிடும். ரப்பர் பசை பழுத்துப் பலூன் இருந்த இடத்தில் மஞ்சள் கறை இருக்கும். அமெரிக்கப் பக்கங்களில் 1960களின் பிற்பகுதியில் வரைகிற அளவு 12க்கு 18 அங்குலத்திலிருந்து 10க்கு 15 ஆகச் சுருங்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், சின்னப் பக்கத்தில் கூட்டக் காட்சிகள் குறைந்து முகங்கள் பெரிதானது போல எனக்குத் தோன்றும். இது என் அபிப்பிராயம் மட்டும்.

என்னிடம் அதிகம் இல்லை, பதினொரு பக்கம். அதில் ஒன்று ஒரு காமிக்ஸ் ஓவியரோடு பண்டமாற்று. அவருக்கு என் நடைப் படங்கள் சில வேண்டும், எனக்கு அவர் பக்கம். அந்தப் பக்கத்தில் நாலாவது கட்டத்தில் கதாநாயகி முகத்தின் மேல் தடியாக வெள்ளை பூசி வேறு முகம் வரைந்திருப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் பழைய முகம் தெரியும். அது சிரிக்கிறது. அச்சில் அழுகிறாள். ஏன் மாற்றினார் என்று கேட்டேன். எனக்கே ஞாபகமில்லை என்றார்.

ஆனால் ஒரு காமிக்ஸ் பக்கம் தனியாக நின்றாலும் பக்கம்தான். எங்கள் படம் அப்படி அல்ல, அதுதான் என் மனக்குறை. ஒரு பாட்டி படியேறும் காட்சி என்னிடம் இருக்கிறது. நானே கீ வரைந்தது. 1 முதல் 81 வரை ஒற்றைப்படை எண்களில் 41 தாள், திரையில் மூன்றரை விநாடிகூட வராது. நான் வேலை பார்த்த இடத்தில் கணினி வந்த பிறகு தாள்களையெல்லாம் கட்டுக் கட்டாக நடைபாதையில் போட்டார்கள். ஆளுக்கு ஆள் தூக்கிக்கொண்டு போனோம். நான் பாட்டியைக் கட்டோடு எடுத்து வந்து வீட்டில் எண்ணினால் 40 இருக்கிறது. 45ஐ யாரோ உருவிவிட்டார்கள். முகம் அழகாக வந்திருந்த தாள், எவர் கண்ணையும் பறிக்கும். 43இல் கால் தரையை விட்டு எழும்புகிறது, 47இல் மேல்படியில் ஊன்றிவிட்டது. நடுவில் கால் காற்றில் கடக்கிற படம்தான் போயிற்று. மடக்கிப் பார்க்கும்போதெல்லாம் பாட்டி அந்த இடத்தில் ஒரு தத்துத் தத்துகிறாள். நானே வரைந்து சேர்க்கலாமே என்பீர்கள். மூன்று தரம் வரைந்தேன். அளவெல்லாம் சரி, ஆனால் கோடு இன்றைய என் கோடு, பக்கத்துத் தாள்களோடு சேரவில்லை. எடுத்துவிட்டு வெற்றுத்தாள் ஒன்றில் 45 என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். மூன்றையும் ஒரே சட்டத்தில் போடுங்கள். என்றைக்காவது கைமாற்ற நேர்ந்தாலும் பிரிக்காதீர்கள். உறையைத் தந்தவரிடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், 23ம் 25ம் அவர் வேறு ஏதாவது புத்தகத்துக்குள் செருகி வைத்திருக்கலாம்.

பதில்: கட்டத்துக்குள்

கேட்டேன் ஐயா. 23 இல்லை. 25 இருக்கிறதாம். அதற்கு என்னிடமிருந்து நல்ல பக்கமாக ஒன்று வேண்டும் என்கிறார். ஃபோனில் படம் அனுப்பச் சொன்னேன், இன்னும் வரவில்லை. பையன் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். "வந்து பாரு" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.